ஊசிக்கு நடுவே ஒரு சிரிப்பு: எங்கள் மலைவீட்டுக் குறிப்புகள்

தோழிகளே, போன ஐப்பசியில் என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. எங்கள் வீடு ஏற்காட்டில், சேர்வராயன் கோயிலுக்குப் போகிற பாதையில். வைத்தியம் கீழே சேலத்தில். நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவு. ரிப்போர்ட் வந்த அன்று ராத்திரி அடுப்பே மூட்டவில்லை. கடைசியில் அம்மாதான் எழுந்து வந்து, "நோவு எனக்குத்தான், சோத்துக்கு ஒண்ணும் வரல. ஆளுக்கு ஒரு கரண்டி உப்புமாவாவது கிண்டுங்க" என்றார். அப்பாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

அதிலிருந்து நாங்கள் கற்றது இதுதான்: சில்லறை வேலைகளை முன்கூட்டியே சுருக்கிவிட்டால், சிரிக்கக் கொஞ்சம் தெம்பு மிச்சமாகும். மருந்து, அளவு எல்லாம் உங்கள் டாக்டர் சொல்கிறபடி. மற்றதை வீட்டுக்கு வீடு சொல்லிக்கொள்ளலாமே!

1. முதல் கேலி நோயாளியின் வாயிலிருந்தே வரட்டும். அவர் தன் மொட்டையைப் பற்றிச் சிரித்தால் சேர்ந்து சிரியுங்கள். அவர் எடுக்காத பேச்சை நாம் எடுக்க வேண்டாம்.

2. அறைக் கதவில் ஒரு ஆணி அடித்து, பச்சைத் துண்டு ஒன்று, சிவப்புத் துண்டு ஒன்று வாங்கி வையுங்கள். பச்சை தொங்கினால் பேசலாம், கிண்டல் செய்யலாம்; சிவப்பு தொங்கினால் கஞ்சியை வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். "இப்ப பேசலாமாம்மா?" என்று நாலு பேர் மாறி மாறிக் கேட்கும் தொல்லை எங்கள் வீட்டில் அன்றோடு ஒழிந்தது.

3. சிரித்தால் நோய் ஓடிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நோயைக் குறைப்பது மருந்து. சிரிப்பு அந்த ஒரு மணி நேரத்தைக் கடத்தித் தரும், அதுவே பெரிது. அழுகை வந்தால் அழட்டும், கூட உட்காருங்கள்.

4. ரிப்போர்ட், ஸ்கேன், பில் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரே ஃபைலில் போடுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பயாப்ஸி ரிப்போர்ட் மூன்றையும் ஐந்து செட் ஜெராக்ஸ் எடுத்து முன்பக்கத்திலேயே வைத்தால், ஒவ்வொரு கவுன்டரிலும் கடை தேடி ஓட வேண்டாம். எல்லாவற்றையும் போனிலும் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் தம்பி தங்கைக்கும் அனுப்பிவிடுங்கள்.

5. டாக்டரைப் பார்க்கப் போகும்போது இரண்டு பேர் போங்கள்: ஒருவர் கேட்க, ஒருவர் எழுத. கேள்வி மூன்றுக்கு மேல் வேண்டாம். நாலாவதை அடுத்த முறைக்கு வைத்தால் முதல் மூன்றுக்கும் நிதானமாகப் பதில் கிடைக்கும். எங்கள் அம்மா எழுதச் சொன்ன முதல் கேள்வி, "கருவாடு சாப்பிடலாமா?"

6. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் நீங்கள் சேர முடியுமா என்று முதல் நாளே பாருங்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சைக்குக் கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றும் கையில் இருந்தால் பாதி அலைச்சல் குறையும். சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் செய்யுங்கள்.

7. வருமான வரி கட்டுகிற பிள்ளைகள் இருந்தால், பழைய வரி முறையில் நோய் வைத்தியச் செலவுக்குக் கழிவு ஒன்று இருப்பதை ஞாபகப்படுத்துங்கள். தங்களை நம்பியிருக்கும், அறுபது வயது தாண்டிய பெற்றோரின் புற்றுநோய் வைத்தியச் செலவுக்கு ஒரு லட்சம் வரை கழிவு உண்டு. நிபுணர் டாக்டரின் சான்றிதழ் வேண்டும். பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

8. இன்னொரு டாக்டரிடமும் காட்டச் சென்னை போகிறவர்களுக்கு எங்கள் ஊர் பெயரிலேயே ரயில் இருக்கிறது: ஏற்காடு எக்ஸ்பிரஸ், சேலத்தில் ராத்திரி ஏறினால் விடியும் முன் சென்னை. வைத்தியத்துக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் டிக்கெட் முழுச் சலுகை. துணைக்குப் போகிறவருக்கு முக்கால் பங்கு சலுகை. அதற்கான படிவத்தை ஆஸ்பத்திரியில் கேட்டு, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள்.

9. முதல் வாரம் பயம் தூங்கவிடாது. அப்போது நான் நினைத்துக்கொண்டது முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அந்த வேதனைதான் 1954-ல் 12 படுக்கையோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக நின்றது. அடுத்த வருடமே அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் கண்மூடும்வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. இத்தனை பேர் நமக்கு முன்னால் இந்தப் பாதையை வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் கொஞ்சம் தூக்கம் வரும்.

10. கீமோவுக்கு முதல் நாள் ரத்தப் பரிசோதனை எடுத்து, அணுக்கள் போதுமா என்று போனில் கேட்டுவிட்டே வண்டி எடுங்கள். குறைவாக இருந்தால் தேதி தள்ளிப் போகும். மலை இறங்கிப் போய், "அடுத்த வாரம் வாங்க" என்று கேட்டுத் திரும்பினால் வாடகையும் வீண், உடம்பும் அலுப்பு.

11. தேதி கேட்கும்போது செவ்வாய், புதன் போல வாரத்தின் நடுநாளைக் கேளுங்கள். சனி, ஞாயிறும் மே மாதக் கோடை விழாவும் வந்தால் மலைப்பாதையில் சுற்றுலா வண்டி நெரிசலில் ஒரு மணி நேரப் பயணம் இரண்டு மணியாகும். மூடுபனிக் காலத்தில் பொழுதோடு வீடு திரும்புகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

12. வாந்தித் தடுப்பு மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டால் வளைவு ஏறும்போது வேலை செய்யும் என்று டாக்டரிடம் கேட்டு, டிரைவருக்கும் அந்த நேரத்தைச் சொல்லிவிடுங்கள். முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்துப் பாதையைப் பார்க்க வேண்டும். போனைப் பார்க்கக் கூடாது. கையில் ஒரு கமலா ஆரஞ்சுத் தோல் இருந்தால் கசக்கி முகரலாம்.

13. வளைவுக்கு ஒரு கடி ஜோக்! இருபது வளைவுக்கும் எண் போட்ட பலகை இருக்கிறது. ஒவ்வொரு பலகைக்கும் ஒருவர் சொல்ல வேண்டும் என்று என் மகன் சட்டம் போட்டான். "ஏறும்போது ஏற்காடு, இறங்கும்போது இறங்காடா?" என்பது அவனுடைய முதல் கடி. ஏரியும் காடும் இருப்பதால் ஏற்காடு என்று தாத்தா விளக்கியதை யாரும் காதில் வாங்கவில்லை. ஐந்தாவது வளைவில் அம்மா, "கீழ போனா கீமோ. மேல வந்தா மேமோவா?" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கீமோ முடிந்து வீடு திரும்புவதற்குப் பெயரே மேமோதான்.

14. வளைவில் நிறுத்த நேர்ந்தால் கண்ணாடியை இறக்காதீர்கள். குரங்குகளுக்கு மாத்திரைப் பையும் பொரிப் பையும் ஒன்றுதான். பையை எப்போதும் காலடியில் வையுங்கள்.

15. மூன்று மணி நேரத்துக்கு மேல் மருந்து ஏறுகிற நாளில் சேலத்திலேயே சொந்தக்காரர் வீட்டில் ஒரு ராத்திரி தங்கிவிடுவது உடம்புக்கு மிச்சம். தங்கப் போகும் வீட்டுக்கு முன்பே சொல்லுங்கள்: தாளிப்பு வாசம் வேண்டாம், ஒரு ரசம் போதும்.

16. மலைக்குளிரில் கையில் நரம்பு ஒளிந்துகொள்ளும். ஊசி போடுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடிக்கக் கொடுங்கள். காலையிலிருந்தே நன்றாகத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று குத்து ஒரே குத்தாகக் குறைந்தது எங்களுக்கு.

17. முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி, தளர்ந்த கைவைத்த ரவிக்கை, ஒரு சால்வை, காலுறை: கீமோ நாளுக்கான உடுப்பு இவ்வளவே. வளையலைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

18. டிரிப் ஸ்டாண்டுக்கு ஒரு பெயர் வையுங்கள். எங்கள் வீட்டில் அதற்கு "மாப்பிள்ளை" என்று பெயர். எங்கே போனாலும் கூடவே வருவார், மரியாதையாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், தட்டிவிட்டால் சத்தம் போடுவார். பாத்ரூம் போகும்போது அம்மா, "வழி விடுங்க, மாப்பிள்ளை வராரு" என்றதும் அந்த வார்டில் இருந்த இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். மறுமுறை போனபோது பக்கத்து நாற்காலி அக்காவுக்கும் ஒரு மாப்பிள்ளை வந்திருந்தார்.

19. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் சீட்டு எழுதிப் போடுங்கள்: சின்ன வயதுக் குறும்பு, பக்கத்து வீட்டுக் கதை, கல்யாணத்தில் நடந்த கூத்து. காத்திருக்கும் நேரத்தில் ஒரு சீட்டு எடுத்தால் அரை மணி போகும். சித்தப்பா, மாமாக்களிடமும் ஆளுக்குப் பத்துச் சீட்டு வசூல் செய்யுங்கள்.

20. வடிவேலு, கவுண்டமணி காட்சிகளை வீட்டிலேயே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். இயர்போன் கட்டாயம். பக்கத்தில் படுத்திருப்பவருக்கு அன்று சிவப்புத் துண்டு நாளாக இருக்கலாம்.

21. சிவப்பு நிற மருந்து ஏற்றினால் ஒன்றிரண்டு நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும். அது மருந்தின் நிறம்தான், ரத்தம் இல்லை. இதை வீட்டில் எல்லோருக்கும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்பாவுக்குச் சொல்ல மறந்து, ராத்திரி ஒரு மணிக்கு வீடே எழுந்துவிட்டது. அம்மா மட்டும் போர்வைக்குள் இருந்து, "நன்னாரி சர்பத் இறங்குது, படுங்க" என்றார். இரண்டு நாள் கழித்தும் சிவப்பு மாறாவிட்டால் போன் செய்து கேட்க வேண்டும்.

22. கீமோ முடிந்து 48 மணி நேரத்துக்குக் கழிப்பறையில் இரண்டு தரம் தண்ணீர் விடுங்கள். வாளியால் ஊற்றுகிற வீடானால் இரண்டு வாளி. வாந்தியோ சிறுநீரோ பட்ட துணியைக் கையுறை போட்டுக்கொண்டு தனியாகத் துவையுங்கள். கர்ப்பமாக இருக்கிற மருமகள், மகள் அந்த வேலையைத் தொட வேண்டாம்.

23. அஞ்சறைப் பெட்டியில் கிண்ணங்கள் ஏழு. வாரத்துக்கு நாளும் ஏழு! பழைய பெட்டியை நன்றாகக் கழுவி வெயிலில் காய வைத்து, ஞாயிறு முதல் சனி வரை பெயர் ஒட்டி மாத்திரையைப் பிரித்து வையுங்கள். மாத்திரையை உரிக்காமல், பெயர் தெரிகிற மாதிரி பட்டையோடு வெட்டிப் போட்டால் எங்கள் ஊர் ஈரத்திலும் நமுத்துப் போகாது. "இன்னிக்குக் கடுகு போட்டாச்சா?" என்றுதான் அப்பா கேட்பார்.

24. சத்து மாத்திரை, வயிற்று மாத்திரை போன்றவற்றுக்கு மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டிலும் விலை கேட்டுப் பாருங்கள். மருந்தின் மூலப்பெயரை டாக்டரிடம் எழுதி வாங்கினால் போதும். கீமோ மருந்தில் மட்டும் நாமாக மாற்றம் செய்யக் கூடாது.

25. சில மருந்துக்கு வாயில் இரும்புச் சுவை அடிக்கும். அம்மாவின் சொல்லில், "சேலம் உருக்காலை வாய்க்குள்ளயே ஓடுது." சில்வர் தட்டு, டம்ளரை ஒதுக்கிவிட்டு பீங்கான் கோப்பை, சிரட்டை அகப்பை, தையல் இலைக்கு மாறுங்கள், பாத்திரம் தேய்க்கும் வேலையும் குறையும்.

26. காலையில் எழுந்ததும் குமட்டினால், எழும் முன்பே ஒரு கைப்பிடி அரிசிப் பொரி மெல்லக் கொடுங்கள். தலைமாட்டில் ஒரு டப்பா வைத்துவிட்டால் உங்களை எழுப்ப வேண்டியதில்லை.

27. மூன்று வேளைச் சோற்றை ஆறு வேளையாகப் பிரியுங்கள். பெரிய தட்டைப் பார்த்தாலே வயிறு திரும்பும்; குழந்தைக் கிண்ணத்தில் வைத்தால் காலியாகும். எங்கள் வீட்டில் என் மகனின் சோட்டா பீம் கிண்ணம்தான் அம்மாவுக்கு. அவன் வாடகை கேட்டான், தினம் ஒரு விடுகதை என்று பேசி முடித்தார்.

28. ஒரு வாரத்துக்கான தாளிப்பை நோயாளி திண்ணையில் காற்று வாங்கும் நேரத்தில் ஒரேயடியாகத் தாளித்து டப்பாவில் அடைத்துவிடுங்கள். அந்தந்த வேளைக்கு ஒரு ஸ்பூன் கலந்தால் போதும். வீட்டில் நெடி இல்லை, கேஸும் மிச்சம்.

29. சூடான சாப்பாட்டில் வாசம் அதிகம். ஆறிய இட்லி, ஆறிய பருப்புச் சாதம் உள்ளே இறங்கும். சமைத்த உடனே ஒரு பங்கை மூடித் தனியாக எடுத்து ஆறவிட்டு, அந்த வேளைக்குள்ளேயே கொடுத்துவிடுங்கள். நேற்றைய மீதி வேண்டவே வேண்டாம்.

30. வாய்ப்புண் வந்தால் சேலத்து ஜவ்வரிசிதான் துணை. ஊற வைத்து, குழைய வேக விட்டு, பால் சேர்த்துக் கஞ்சியாக்கினால் உரசாமல் இறங்கும். புளி, காரம், எலுமிச்சை அந்த வாரம் லீவு.

31. ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, அதில் பாதி உப்பு கலந்து, சாப்பிட்ட பிறகெல்லாம் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். கடையில் விற்கும் எரிகிற மவுத்வாஷைவிட இது இதமானது, காசும் இல்லை. பிரஷ்ஷும் குழந்தைகளுக்கான மெத்தென்ற பிரஷ்ஷாக இருக்கட்டும்.

32. உடம்பு எடை குறையும் நாட்களில் பட்டர் ஃப்ரூட் கைகொடுக்கும்; எங்கள் மலையில் வீட்டுக்கு வீடு மரம் உண்டு. நன்றாகக் கழுவி, பிளந்து, கொஞ்சம் சர்க்கரையோ உப்போ போட்டு மசித்தால் மெல்ல வேண்டிய வேலையே இல்லை. கீழ்நாட்டுத் தோழிகளுக்கு வாழைப்பழம் போதும்.

33. பழம் எதுவானாலும் கழுவி, தோல் சீவித்தான். பச்சைக் காய் சாலட், கடை ஜூஸ், தெருவோரத் தட்டுவடை செட் எல்லாம் அணுக்கள் ஏறும்வரை காத்திருக்கட்டும். தட்டுவடைக்காக அம்மா ஒரு காலண்டரில் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

34. சாமைக் கஞ்சி, கேழ்வரகுக் கூழ் போன்றவற்றை மாவாக வறுத்து அரைத்து வைத்துக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் தயார். ராத்திரி பசித்தால் அப்பாவே கரைத்துக் கொடுத்துவிடுவார்.

35. தலைமாட்டில் ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர். எட்டு முதல் பத்து டம்ளர் குடிக்க வேண்டும் என்றால், ஃபிளாஸ்க்கில் கோடு போட்டு மணி எழுதிவிடுங்கள். நாம் "குடிச்சியா, குடிச்சியா" என்று கேட்டுச் சலிப்பேற்ற வேண்டாம்.

36. சில கீமோ மருந்துக்குக் குளிர்ந்ததைத் தொட்டாலே விரலில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட மருந்தா என்று கேட்டுக்கொண்டு, ஃபிரிட்ஜ் கைப்பிடியில் துணி சுற்றுங்கள், குழாயடிக்குக் கையுறை வையுங்கள். எங்களைப் போன்ற குளிர் ஊர்க்காரர்கள் இதை மறக்கவே கூடாது.

37. முடி பெரும்பாலும் முதல் கீமோவிலிருந்து இரண்டு மூன்று வாரத்தில் கொட்டும். அதற்கு முன்பே பின்னலோடு வெட்டினால், விக் செய்யத் தானமாகக் கொடுக்கலாம். தலையணையெல்லாம் முடி பொறுக்கும் வேலையும் இல்லை. மழிக்கும்போது சவரக்கத்தி வேண்டாம், மெஷின்தான். சின்னக் கீறல்கூட இப்போது கூடாது.

38. மொட்டை அடிக்கும் நாளைத் துக்க நாளாக்காமல் பாருங்கள். நாங்கள் திண்ணையில் நாற்காலி போட்டு, பாட்டு வைத்து, பாயசம் செய்தோம். மெஷின் சத்தம் நின்றதும் அம்மா கண்ணாடியைப் பார்த்தார், தடவிப் பார்த்தார், கொஞ்ச நேரம் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை. பிறகு, "பழனிக்குப் பஸ் காசு மிச்சம்" என்றார். அடுத்த கீமோவுக்கு மலை இறங்கும்போது சொன்னதுதான் இன்னும் எங்கள் ஊரில் சுற்றுகிறது: "கொண்டை போயிருச்சு, கொண்டை ஊசி மட்டும் இருபதும் அப்படியே இருக்கு."

39. தானும் மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று யாராவது கிளம்பினால், நோயாளியைக் கேட்ட பிறகு செய்யச் சொல்லுங்கள். என் தம்பியிடம் அம்மா, "வேண்டாம் சாமி, உனக்குப் பொண்ணு பாக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

40. ஒரு பழைய நூல் புடவையில் ஆறு தலைத்துணி வெட்டலாம். கடையில் விற்கும் வழுக்குத் துணியைவிட இது நழுவாது, வேர்வையை உறிஞ்சும். ராத்திரிக்கு மட்டும் கம்பளிக் குல்லா. மொட்டைத் தலையில் குளிர் நேராக இறங்கும்.

41. பொட்டும் கண்மையும் தலைமாட்டிலேயே இருக்கட்டும். புருவம் உதிர்ந்தால் பென்சிலால் வரைந்துவிடும் வேலையைப் பேத்தியிடம் கொடுங்கள். ஒருநாள் ஒரு புருவம் உயர்ந்து போனால், அன்று முழுக்க எல்லோரையும் சந்தேகமாகப் பார்க்கிற முகம் கிடைக்கும்.

42. குழந்தைகளிடம் மறைக்காதீர்கள். "அம்மாயிக்கு உடம்புக்குள்ள ஒரு கட்டி, அதுக்கு மருந்து ஏத்தறோம், மருந்தால முடி கொட்டும், தொட்டா ஒட்டாது" என்று நாலு வரியில் சொன்னால் அவர்களுக்குப் போதும். கேள்வி வந்தால் பதில், வராவிட்டால் விளையாட்டு.

43. பார்க்க வருகிறவர் கையில் வேலை கொடுங்கள்! ஒரு முறத்தில் பூண்டோ மொச்சையோ எப்போதும் தயாராக இருக்கட்டும். கை வேலை செய்தால் வாய் அழாது, ஊர்க் கதையாகப் பேசும். அந்த வாரத்துக்குக் குழம்புப் பூண்டும் உரிந்துவிடும்.

44. இருமல், சளி இருப்பவர் வாசலோடு விசாரித்துப் போகட்டும். வாசலில் சோப்பும் ஒரு வாளித் தண்ணீரும் வைத்துவிட்டால், "கை கழுவுங்க" என்று முகம் பார்த்துச் சொல்லும் சங்கடம் உங்களுக்கு இல்லை.

45. முள் சீத்தா இலை, கோதுமைப் புல் சாறு, மஞ்சள் உருண்டை என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். மறுத்துப் பேசாமல் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, "டாக்டரைக் கேட்டுட்டுச் சொல்றோம்" என்று முடியுங்கள். உண்மையாகவே கேளுங்கள், சில மூலிகைகள் கீமோ மருந்தோடு மோதும். எங்கள் நோட்டில் இதுவரை 34. அதிலேயே எதிரெதிராக இருப்பவற்றை ஜோடி சேர்ப்பது அம்மாவுக்கு ராத்திரிப் பொழுதுபோக்கு.

46. தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ், குடும்ப குரூப்பில். அதை அனுப்புகிறவர் ஒருவரே. முடிந்தபோது நோயாளியே கடைசியில் ஒரு வார்த்தை சொல்லட்டும். அந்தக் குரலைக் கேட்டால் பத்துப் பேர் போன் செய்ய மாட்டார்கள்.

47. இப்போது சொல்வதில் சிரிப்புக்கு இடமில்லை, தோழிகளே. தெர்மாமீட்டரைக் காலண்டர் ஆணியிலேயே தொங்க விடுங்கள். கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டுவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது; டாக்டரைக் கேட்காமல் காய்ச்சல் மாத்திரை போட்டு அமுக்கவும் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போன், அடுத்து வண்டி.

48. மலையில் இருப்பவர்கள் அதற்கென்றே ஒரு பை கட்டி வையுங்கள்: ஃபைல், ஒரு மாற்றுடை, ஃபிளாஸ்க், சார்ஜர், கொஞ்சம் ரொக்கம். ராத்திரியில் வருவதாக வாக்குக் கொடுத்த இரண்டு டிரைவர்களின் எண்ணும், 108-ம் சுவரில் பெரிதாக எழுதியிருக்கட்டும். எங்களுக்கு ஒருமுறை தேவைப்பட்டது. பனியில் வளைவு வளைவாக ஊர்ந்து இறங்கினோம், அன்று யாரும் கடி சொல்லவில்லை. மூன்றாம் நாள் அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "இருபது கடி பாக்கி இருக்கு" என்று கணக்குக் கேட்டார்.

49. மறதி வரும், மருந்தாலும் வரும், அலுப்பாலும் வரும். கண்ணாடி, சாவி, போன் மூன்றுக்கும் ஒரே தாம்பாளம். தேடும் நேரம் மிச்சம், "எங்க வெச்சீங்க" என்ற சண்டையும் மிச்சம்.

50. உடம்பு ஒத்துழைக்கும் நாளில் பத்து நிமிடம் நடக்க வையுங்கள். நாங்கள் வார நாள் காலையில் ஏரிக்கரையில் நடப்போம். கூட்டம் இல்லை, வெயிலும் இல்லை. அம்மா நடந்தால் அப்பாவும் நடக்கிறார், அவருடைய சர்க்கரையும் குறைந்திருக்கிறது.

51. பார்த்துக்கொள்கிறவருக்கு வாரத்தில் அரை நாள் லீவு கட்டாயம். அன்று அவர் எங்கே போனார் என்று யாரும் கேட்கக் கூடாது. என் அரை நாளில் நான் பகோடா பாயிண்ட்டில் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவேன். ராத்திரி கால் பிடித்துவிடும்போது அம்மா என் முகத்தைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுகிறார்.

52. சிரித்ததற்காகக் குற்ற உணர்ச்சி வந்தால் மலையாள நடிகர் இன்னசென்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 2012-ல் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. பிறகு அவர் மனைவிக்கும் வந்தது. அதையெல்லாம் வைத்து அவர் எழுதிய புத்தகத்தின் பெயரே 'கேன்சர் வார்டிலே சிரி'. திரும்ப நடிக்க வந்தார், 2014-ல் சாலக்குடியில் ஜெயித்து நாடாளுமன்றத்துக்கும் போனார். 2023-ல் காலமாகும்வரை பார்க்கிறவரைச் சிரிக்க வைத்தார்.

53. நடமாட முடியாமல் படுத்திருக்கும் பெரியவர்கள் உள்ள வீடானால், 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளரைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021-ல் தொடங்கிய திட்டம். வலி தணிக்கும் பராமரிப்பும் பிசியோதெரபியும் வீட்டு வாசலுக்கே வரும்.

54. வேண்டுதல் இருந்தால் நல்ல நாள் பார்ப்பதைவிட அணுக்கள் நன்றாக இருக்கும் நாள் பாருங்கள். எங்கள் சேர்வராயன் கோயில் 5,300 அடிக்கு மேலே, குகைக்குள். மே மாதத் திருவிழாவில் சுற்றுவட்டாரத்து மலைக் கிராமங்களே திரண்டுவிடும். அந்தக் கூட்டம் அம்மாவுக்கு இப்போது ஆகாது. நாலாவது கீமோ முடிந்து டாக்டர் சரி என்று சொன்ன ஒரு புதன்கிழமை, முகக்கவசம் போட்டுக் கூட்டிப்போனோம். குனிந்துதான் உள்ளே நுழைய முடியும். "முன்னெல்லாம் கொண்டை தட்டும், இப்ப எவ்வளவு சுலபமா இருக்கு பாரு" என்று சொல்லிக்கொண்டே சேர்வராயனையும் காவேரியம்மனையும் கும்பிட்டார்.

55. காப்பித்தூளைக் கால் கிலோவாக வாங்காமல் ஐம்பது கிராமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். கீமோ காலத்தில் பிடித்த வாசமே பிடிக்காமல் போகும், எப்போது திரும்பும் என்று தெரியாது. கேட்கும்போது புதுத்தூளாக இருக்க வேண்டும். காப்பித் தோட்டத்துக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்த அம்மாவுக்கு நாலு மாதம் அந்த வாசமே ஆகவில்லை. அப்பா டம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்விடுவார். பங்குனியில் ஒரு மழை பெய்தது. காப்பிச் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்து, மல்லிகை மாதிரி வாசம் திண்ணை வரை வந்தது. அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் கதவில் பச்சைத் துண்டு. "அரை டம்ளர் காப்பி குடு கண்ணு" என்றார். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். பிறகு அப்பா பக்கம் திரும்பி, "சிக்கரி ஜாஸ்தி. யாரு வாங்குனது?" என்றார். "நான்தான், நான்தான்" என்று அப்பா ஓடி வந்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.